ஆஃபருக்கு மார்க் எட்டவில்லை என்றால்: ஏ லெவல் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஏ லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதி, யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்குமான பக்கம் இது. வருஷா வருஷம் நம் வீடுகளில் இதே கேள்விகள்தான் வருகின்றன. செப்டம்பரில் “பிரெடிக்டட் கிரேட் போதவில்லையே”, ஜனவரியில் (பள்ளி வைக்கும் மாதிரிப் பரீட்சைக்குப் பின்) “மாக் பரீட்சையில் சறுக்கிவிட்டதே”, ஆகஸ்டில் “ஒரு கிரேட் குறைந்துவிட்டதே”. மூன்றும் வேறு வேறு சிக்கல்கள், ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஸ்காட்லாந்தின் ஹையர் முறையை இங்கே தொடவில்லை.

பிரெடிக்டட் கிரேடை யார் போடுகிறார்கள்? அதை எவ்வளவு நம்பலாம்?

பாட ஆசிரியர்தான் போடுகிறார். இயர் 12 (ஏ லெவலின் முதல் வருஷம்) கடைசியில் பள்ளி வைக்கும் தேர்வு, வகுப்பில் எழுதிய வேலைகள், ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் தேர்வு) கிரேட்கள் எல்லாவற்றையும் பார்த்து, எல்லாம் நல்லபடியாகப் போனால் இந்தப் பிள்ளை எதை எட்டும் என்று கணிக்கிறார். ‘நல்லபடியாகப் போனால்’ என்பதைக் கவனியுங்கள். கணிப்பிலேயே கொஞ்சம் நம்பிக்கை கலந்துதான் இருக்கிறது.

கில் வைனஸ் என்ற ஆய்வாளர் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று ஏ லெவல்களைச் சேர்த்துப் பார்த்தால் கணிப்பும் ரிசல்ட்டும் சரியாகப் பொருந்தியது 16% பேருக்கு மட்டும். 75% பேருக்குக் கணிப்பு கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது: வசதி குறைந்த குடும்பங்களில் இருந்து வரும் மிக நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு, வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிட அதிகமாகக் கணிப்பு குறைத்துப் போடப்பட்டிருந்தது.

ஆகவே “மிஸ் ஏ ஸ்டார் போட்டிருக்கிறார், கவலையில்லை” என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை, “பி போட்டுவிட்டார், எல்லாம் போச்சு” என்று இடிந்துபோவதற்கும் இடமில்லை. அட்மிஷன் அலுவலகங்களுக்கும் இந்த நிலவரம் தெரியும்.

பிரெடிக்ஷன் குறைவாகப் போட்டுவிட்டார்கள். கூட்டித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் விண்ணப்பம் போவதற்கு முன்பே கேட்க வேண்டும். இயர் 12 ஜூன், ஜூலையில் கணிப்பு தெரிந்தவுடன் பேச்சைத் தொடங்கினால் செப்டம்பரில் இன்னொரு டெஸ்ட் எழுதிக் காட்டச் சில பள்ளிகள் இடம் தரும். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. மற்றவற்றுக்கு ஜனவரி. பள்ளிகள் அதற்குச் சில வாரம் முன்பே தங்கள் வேலையை முடித்துவிடும்.

முதலில் பிள்ளைதான் போய்ப் பாட ஆசிரியரிடம் கேட்க வேண்டும். அப்பா எடுத்த எடுப்பில் ஹெட் டீச்சருக்கு ஈமெயில் அனுப்பினால் காரியம் பெரும்பாலும் கெட்டுத்தான் போகும். “வீட்டில் விடிய விடியப் படிக்கிறான் சார்” என்பதெல்லாம் சான்று ஆகாது. நேரம் வைத்து எழுதிய பழைய வினாத்தாள், அதன் மார்க், கோடைக்குப் பிறகு வந்த முன்னேற்றம், இவைதான் சான்று. “ஏ போடுவதற்கு நீங்கள் என்னிடம் என்ன பார்க்க வேண்டும்?” என்று கேட்கும் பிள்ளையை எந்த ஆசிரியரும் விரட்டமாட்டார்.

கடைசி முடிவு பள்ளியுடையது. அதோடு, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கணிப்பில் ஒரு ஆபத்து உண்டு. பிபிபி எடுக்கக்கூடிய பிள்ளைக்கு ஏஏஏ போட்டால், கையில் வரும் ஐந்து ஆஃபரும் எட்டாத உயரத்தில் நிற்கும். அந்த வலி ஆகஸ்டில்தான் தெரியும்.

கணிப்பு, யூனிவர்சிட்டி கேட்பதைவிடக் குறைவு. விண்ணப்பித்தால் வீண்தானா?

யூகாஸில் ஐந்து இடம் போடலாம் (மருத்துவம் போன்றவற்றில் நான்குதான்). ஒரு கிரேட் குறைவாக இருக்கும் கோர்ஸை அதில் ஒன்றாக வைப்பதில் தப்பில்லை. நெரிசல் மிகுந்த கோர்ஸுக்கு இரண்டு கிரேட் குறைவாகப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐந்தும் ஆசைக்காக என்றால் அது விளையாட்டு.

போடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, கான்டெக்ஸ்சுவல் ஆஃபர். படித்த பள்ளி, வசிக்கும் இடம், இலவச மதிய உணவு பெற்றவரா, பராமரிப்பில் வளர்ந்தவரா போன்றவற்றைப் பார்த்து ஒன்றோ இரண்டோ கிரேட் குறைத்து ஆஃபர் தரும் முறை. பிரிஸ்டல், டர்ஹாம் உட்படப் பல இடங்களில் இருக்கிறது. நம்மவர்களில் பலர் லண்டனில் இருப்பதால் ஒரு எச்சரிக்கை: அந்தப் பகுதிப் பிள்ளைகள் எத்தனை பேர் யூனிவர்சிட்டி போகிறார்கள் என்பதை மட்டும் வைத்துக் கணக்கிடும் அளவுகோலில் லண்டன் போஸ்ட்கோடுகள் பெரும்பாலும் தகுதி பெறுவதில்லை, ஏனென்றால் லண்டனில் அந்த விகிதம் அதிகம். ஆனால் பள்ளியின் சராசரி, வருமானம் போன்ற வேறு அளவுகோல்களில் அதே வீடு தகுதி பெறலாம். ஒவ்வொரு யூனிவர்சிட்டியின் இணையதளத்திலும் தனித்தனியாகப் போஸ்ட்கோடைப் போட்டுப் பார்ப்பதே வழி. ஒன்றில் இல்லை என்றால் எல்லாவற்றிலும் இல்லை என்று அர்த்தமில்லை.

இரண்டாவது, இபிக்யூ என்கிற தனி ஆய்வுத் திட்டம். அதில் ஏ எடுத்தால் ஏ லெவலில் ஒரு கிரேட் குறைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. சௌத்தாம்ப்டன் இதற்குப் பேர்போனது. இயர் 12-இலேயே தொடங்க வேண்டிய வேலை என்பதால் இயர் 13 பிள்ளைகளுக்கு இந்த வழி பெரும்பாலும் காலம் கடந்தது.

டாரிஃப் பாயிண்ட் என்கிறார்களே, அது என்ன?

ஒவ்வொரு கிரேடுக்கும் யூகாஸ் வைத்திருக்கும் புள்ளி: ஏ ஸ்டாருக்கு 56, ஏ-க்கு 48, பி-க்கு 40, சி-க்கு 32, டி-க்கு 24, இ-க்கு 16. ஆஃபரில் ‘120 பாயிண்ட்’ என்று இருந்தால் பிபிபி எடுத்தாலும் சரி, ஏபிசி எடுத்தாலும் சரி, போய்ச் சேரலாம். இபிக்யூவும் கணக்கில் சேரும் (ஏ ஸ்டாருக்கு 28). ஆனால் ஆஃபரில் ‘ஏஏபி’ என்று கிரேடாக இருந்தால் பாயிண்ட் கூட்டிக் காட்டி வாதாட முடியாது. இன்சூரன்ஸ் இடத்துக்கு (முதல் விருப்பம் கைவிட்டால் போகும் இடம்), பாயிண்டில் ஆஃபர் தரும் கோர்ஸ் பாதுகாப்பானது. ஒரு பாடம் காலை வாரினால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும்.

ஆஃபர் வந்துவிட்டது. ஜனவரி மாக்கில் இரண்டு சி. ஆஃபரைத் திரும்பப் பெற்றுவிடுவார்களா?

மாட்டார்கள். கண்டிஷனல் ஆஃபர் வந்த அன்றோடு கணிப்பின் வேலை முடிந்தது. மாக் மார்க் அவர்களுக்குப் போவதும் இல்லை. இனி நிபந்தனை ஒன்றுதான்: கோடைப் பரீட்சையின் ரிசல்ட். இயர் 12-இல் சோம்பலாக இருந்த பிள்ளைக்கும், மாக்குக்கு முந்தைய வாரம் காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கும் கோடு ஒன்றே.

மாக்கைப் பயத்தோடு பார்ப்பதைவிட ஒரு தகவலாகப் பாருங்கள். ஜூனில் ஃபர்ம் (முதல் விருப்பம்), இன்சூரன்ஸ் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் கையில் இருப்பதில் மிக நேர்மையான தகவல் அதுதான். கணிப்பைவிட நேர்மையானது.

பி-யிலிருந்து ஏ-க்குப் போக உண்மையில் எவ்வளவு மார்க் வேண்டும்?

இதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை, அதனால்தான் பயம் பெரிதாகத் தெரிகிறது. பியர்சன் எட்எக்ஸெல் கணிதம் மூன்று தாள், மொத்தம் 300 மார்க். 2019-இல் அதில் ஏ-க்கு 165 போதுமானதாக இருந்தது, அதாவது 55%. பி சுமார் 45%. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 30 மார்க், தாளுக்குப் பத்து. ஒரு தாளில் ஒரு நீளமான கேள்வியும், கைதவறி விடும் சில்லறை மார்க்குகளும் சேர்ந்தால் பத்து வந்துவிடும். வருஷத்துக்கு வருஷம் எல்லை ஏறி இறங்கும், பாடத்துக்குப் பாடம் மாறும். ஆனால் இடைவெளி இந்த மாதிரி அளவில்தான் இருக்கும்.

இதனால்தான் பிப்ரவரிக்குப் பிறகு புதுப் புத்தகம், புது டியூஷன் என்று அலைவதை நான் சிபாரிசு செய்வதில்லை. பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதி, மார்க் ஸ்கீமை வைத்துத் தானே திருத்தி, போன மார்க்குகளை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாமல் போனது, தெரிந்தும் கவனக்குறைவால் போனது, தெரிந்தும் திருத்துபவர் எதிர்பார்க்கும் விதத்தில் எழுதாமல் போனது. உயிரியலிலும் வேதியியலிலும் மூன்றாவது குவியல் ஆச்சரியப்படும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். அந்தக் குவியலுக்கு மருந்து, தேர்வு வாரியங்கள் வெளியிடும் எக்ஸாமினர் ரிப்போர்ட். எந்தக் கேள்வியில் பிள்ளைகள் எங்கே தவறினார்கள் என்று பச்சையாக எழுதியிருப்பார்கள். இலவசம்தான், ஆனால் படிப்பவர்கள் குறைவு. டியூஷன் தப்பு என்று சொல்லவில்லை. முதல் குவியல் பெரிதாக இருந்தால் டியூஷன் உதவும். மற்ற இரண்டுக்கும் பேனாவும் கடிகாரமும்தான்.

ஃபர்ம் எது, இன்சூரன்ஸ் எது என்று எப்படித் தேர்ந்தெடுப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். ரிசல்ட் அன்று கண்ணீர் வருமா வராதா என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது ஜூன் தொடக்கத்தில் போடும் இரண்டாவது டிக், அதாவது இன்சூரன்ஸ்.

ஃபர்ம் என்பது முதல் விருப்பம். அதற்குரிய கிரேட் வந்தால் அங்கேதான் இடம். இன்சூரன்ஸ், ஃபர்ம் கைவிட்டால் போகும் இடம். நம் வீடுகளில் ஃபர்ம் பற்றி மாதக்கணக்கில் பேசுகிறோம். மாமா, சித்தி, கோயிலில் சந்திக்கும் டாக்டர் அங்கிள் வரை கருத்துச் சொல்கிறார்கள். இன்சூரன்ஸை மட்டும் கடைசி நாள் இரவு, “சரி, அதையும் ஒன்று போட்டுவிடு” என்று முடித்துவிடுகிறோம்.

வழக்கமாக மூன்று விதமான கோளாறு பார்க்கிறேன். ஃபர்ம் ஏஏஏ, இன்சூரன்ஸும் ஏஏஏ: ஒன்று போனால் மற்றதும் போகும், இரண்டு இடம் வைத்திருந்தும் பயனில்லை. ஃபர்ம் ஏஏஏ, இன்சூரன்ஸ் ஏஏபி, ஆனால் மாக்கில் பிபிபி: இது ஆசையின் மேல் ஆசை. மூன்றாவது, கிரேட் சரியாகவே இருக்கும், ஆனால் பிள்ளைக்கு அந்த ஊரும் பிடிக்காது, கோர்ஸும் பிடிக்காது. ரிசல்ட் அன்று அந்த இடம் உறுதியாகிவிடும், பிள்ளை வெளியே வரத் துடிக்கும்.

என் கணக்கு இப்படி: ஃபர்மை ஆசைப்படியே வையுங்கள், கணிப்பு அளவுக்கோ அதைவிட ஒரு கிரேட் மேலோ இருக்கலாம். இன்சூரன்ஸை மாக் அளவுக்கு, முடிந்தால் அதைவிட ஒரு கிரேட் கீழே வையுங்கள். மாக் பிபிபி என்றால் பிபிசி ஆஃபர் உள்ள இடம். அந்த இடத்துக்குப் பிள்ளை ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். தங்குமிடத்தையும் விசாரியுங்கள். பல யூனிவர்சிட்டிகள் ஹால் அறையை ஃபர்ம் பிள்ளைகளுக்கு மட்டும்தான் உறுதி செய்கின்றன. வீட்டிலிருந்தே போய்வரும் திட்டம் என்றால், காலை ஒன்பது மணி லெக்சருக்கு எத்தனை மணிக்கு ரயில் ஏறவேண்டும் என்று பாருங்கள். ஹாரோவிலிருந்து கிங்ஸ்டன் வரைபடத்தில் பக்கம்தான், தினமும் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பரீட்சை நேரத்தில் வீட்டில் ஒரு மரணம், அல்லது பிள்ளைக்குக் கடுமையான நோய். என்ன செய்வது?

உடனே பள்ளியின் எக்ஸாம்ஸ் ஆஃபீசரிடம் சொல்லுங்கள். ஸ்பெஷல் கன்சிடரேஷன் என்ற முறையில் பள்ளிதான் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தாளை எழுதியிருந்தால் கூடுதலாகக் கிடைப்பது அதிகபட்சம் மொத்த மார்க்கில் 5%, அதுவும் மிக மோசமான சூழலுக்கு மட்டும். ஒரு தாளை எழுதவே முடியாமல் போனாலும் பாடத்தின் மொத்த மதிப்பீட்டில் 25%-ஆவது எழுதி முடித்திருந்தால் கிரேட் கணக்கிட வழி உண்டு. சான்றுகளை எடுத்து வையுங்கள்.

கூடவே ஃபர்ம், இன்சூரன்ஸ் இரண்டு யூனிவர்சிட்டிக்கும் பள்ளி மூலமாகவோ பிள்ளையே நேரடியாகவோ எழுதுங்கள். ரிசல்ட்டுக்கு முன்பே எழுதுங்கள். நம் ஆட்கள் வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொல்லக் கூசி, எல்லாம் முடிந்தபின் சொல்கிறார்கள். ஜூலையில் படித்தால் அது தகவல், ரிசல்ட்டுக்குப் பிறகு படித்தால் சாக்குப்போக்கு மாதிரித் தெரியும்.

ரிசல்ட் அன்று காலை என்ன நடக்கும்?

ஆகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை. 2025-இல் 14-ஆம் தேதி. பள்ளிகள் காலை 8 மணிக்கு மேல் கிரேட்களைத் தரும். ஏறக்குறைய அதே நேரத்தில் யூகாஸ் கணக்கிலும் நிலவரம் மாறும். யூனிவர்சிட்டிகளுக்குக் கிரேட்கள் சில நாள் முன்னதாகவே போய்விடுவதால், உங்கள் பிள்ளை கவரைப் பிரிக்கும்போது அங்கே முடிவு பெரும்பாலும் எடுக்கப்பட்டிருக்கும்.

எனவே கிரேடைப் பார்த்து அழுவதற்கு முன் யூகாஸைப் பாருங்கள். கிரேட் குறைந்தும் ஃபர்ம் இடம் உறுதியாகியிருக்கலாம். யூகாஸ் கிரேடைக் காட்டாது, இடத்தை மட்டுமே காட்டும். அன்று ஊருக்குப் போயிருக்காதீர்கள். கொழும்பிலோ சென்னையிலோ கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு கிளியரிங் (மீதமிருக்கும் இடங்களை நிரப்பும் முறை) அழைப்பு எடுக்கும் பிள்ளையின் நிலைமை பரிதாபம்.

ஒரு கிரேட் குறைந்தும் எடுத்துக்கொள்வார்களா?

நிறையப் பேரை எடுத்துக்கொள்கிறார்கள். 2015-இல் இங்கிலாந்தில் மாணவர் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை அரசு நீக்கியது. அதன்பின் பெரும்பாலான கோர்ஸ்களில் இடத்தை நிரப்புவது யூனிவர்சிட்டியின் சொந்தக் கணக்கு. இடம் காலியாக விடுவதைவிட ஏஏபி கேட்ட இடத்தில் ஏபிபி பிள்ளையை எடுப்பது அவர்களுக்கும் லாபம். 2025-இல் ஆஃபர் வைத்திருந்த 18 வயதினரில் சுமார் 82% பேருக்கு முதல் விருப்பமே கிடைத்தது. கணிப்புகள் எவ்வளவு தப்புகின்றன என்று மேலே பார்த்தோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விட்டுக்கொடுப்பு எவ்வளவு நடக்கிறது என்று புரியும்.

எந்தக் கிரேட் குறைந்தது என்பதும் முக்கியம். ஏஏபி ஆஃபரில் ‘வேதியியலில் ஏ’ என்று தனியாக எழுதியிருந்து, குறைந்தது வேதியியலே என்றால் கஷ்டம். குறைந்தது மூன்றாவது பாடம் என்றால் நம்பிக்கை வைக்கலாம். மருத்துவமும் பல் மருத்துவமும் இந்தக் கணக்கில் சேராது, அங்கே அரசின் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இன்னும் இருக்கிறது. சில சமயம் அதே யூனிவர்சிட்டி வேறு கோர்ஸையோ அடுத்த வருஷ இடத்தையோ நீட்டும். அதை ஏற்கவேண்டிய கட்டாயமில்லை.

யூகாஸில் எதுவுமே மாறவில்லை. காத்திருக்கலாமா?

கிரேட் எட்டவில்லை, ஆனால் நிலவரம் இன்னும் கண்டிஷனல் என்றே நிற்கிறது என்றால் அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபர்முக்குப் போன் செய்யுங்கள், பிறகு இன்சூரன்ஸுக்கும். “உங்கள் கோர்ஸ்தான் எனக்கு வேண்டும், முடிவு எப்போது தெரியும்?” என்று மரியாதையாகக் கேட்டால் போதும். காத்திருக்கும் நேரத்தில் கிளியரிங் பட்டியலையும் தயார் செய்துகொள்ளுங்கள்.

கிளியரிங்கில் போவது கேவலமா?

இல்லவே இல்லை. நல்ல யூனிவர்சிட்டிகளும் அதில் இடம் வைக்கின்றன. ஜூலை தொடக்கத்தில் திறந்து அக்டோபர் வரை போகும், ஆனால் நல்ல இடங்கள் ரிசல்ட் அன்றும் மறுநாளும் கரைந்துவிடும்.

நடைமுறை இது. இரண்டு இடமும் கைவிட்டால் யூகாஸ் கணக்கில் கிளியரிங் எண் ஒன்று தெரியும். காலையிலேயே யூனிவர்சிட்டிகளின் கிளியரிங் லைனுக்கு அழைக்கலாம். எடுப்பவர் கேட்பது: யூகாஸ் ஐடி, கிளியரிங் எண், ஏ லெவல் பாடமும் கிரேடும், ஜிசிஎஸ்இ-யில் ஆங்கிலமும் கணிதமும் எவ்வளவு, இந்தக் கோர்ஸ் ஏன். கடைசிக் கேள்விக்குத்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். “என் ஃபர்ம் போய்விட்டது, அதனால்” என்று சொல்லாமல், அந்தக் கோர்ஸில் ஒரு பாடத்தின் பேரையாவது சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தாளில் முந்தின இரவே ஆறேழு கோர்ஸ், அவற்றின் எண், போன் நம்பர் எல்லாம் எழுதி வைத்திருந்தால் கை நடுங்காது. ஜிசிஎஸ்இ சான்றிதழைத் தேடிப் பீரோவைக் கிளறும் வேலையையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

வாய்மொழியாக ஆஃபர் தருவார்கள். ஒன்றுக்கு மேல் வாங்கி வைத்து யோசிக்கலாம். பேசியவர் பெயரையும் எத்தனை மணிக்குள் பதில் வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். யூகாஸில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சேர்க்க முடியும். அண்மை ஆண்டுகளில் ரிசல்ட் அன்று மதியம் 1 மணிக்குத்தான் அந்தப் பொத்தான் திறக்கிறது. யூனிவர்சிட்டி சம்மதம் சொல்லாமல் சேர்க்காதீர்கள்.

பிள்ளைக்குப் பதில் நான் பேசலாமா?

பொதுவாகப் பேசவிடமாட்டார்கள். விண்ணப்பத்தில் உங்களை நாமினேட்டட் ஆக்சஸ் என்று பிள்ளை சேர்த்திருந்தால்தான் யூகாஸ் உங்களோடு பேசும். அப்படியிருந்தும் யூனிவர்சிட்டி பிள்ளையின் குரலைத்தான் கேட்க விரும்பும். பக்கத்தில் இருந்து எழுதிக்கொடுங்கள், சார்ஜரைத் தேடிக்கொடுங்கள், டீ போட்டுக்கொடுங்கள். உறவினர் அழைப்புகளை அன்று மாலை வரை நீங்களே சமாளிப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி.

இன்சூரன்ஸ் உறுதியாகிவிட்டது, ஆனால் கிளியரிங்கில் நல்ல இடம் இருக்கிறது. மாறலாமா?

யூகாஸில் ‘டிக்ளைன் மை பிளேஸ்’ என்ற பொத்தான் இருக்கிறது, 2019-இல் வந்தது. அதை அழுத்தினால் கையில் இருக்கும் இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. புது இடம் வாய்மொழியாகவாவது உறுதியான பின்னரே அழுத்துங்கள். தூங்காமல் இருக்கும் இரவில் அழுத்தவே வேண்டாம்.

மார்க்கில் சந்தேகம். ரிவ்யூ போட்டால் இடம் கிடைக்குமா?

யூனிவர்சிட்டி இடம் தொங்கலில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை ரிவ்யூ உண்டு. ரிசல்ட் வந்து ஒரு வாரத்துக்குள் பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும், 15 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கலாம். ரிவ்யூ போட்டிருப்பதை யூனிவர்சிட்டிக்கும் சொல்ல வேண்டும். யூகாஸ் வழியே நிபந்தனைகளை நிறைவேற்ற ஆகஸ்ட் 31 வரை நேரம். அதற்குள் கிரேட் ஏறியும் கோர்ஸ் நிரம்பிவிட்டால் அடுத்த வருஷத்துக்கு இடம் தரலாம்.

திருத்தியதில் பிழை இருந்தால்தான் மார்க் மாறும். “இன்னும் இரண்டு போட்டிருக்கலாம்” என்ற இரக்கத்துக்கு இடமில்லை. மார்க் இறங்கவும் கூடும், கிரேடும் இறங்கலாம், அதனால்தான் பிள்ளையின் கையெழுத்து கேட்கிறார்கள். எல்லைக்கு இரண்டு, மூன்று மார்க் கீழே இருந்தால், திருத்திய தாளின் நகலை வாங்கி ஆசிரியரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். பதினைந்து மார்க் கீழே இருந்தால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். கிரேட் மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

மருத்துவம்தான் வேண்டும். ஏஏபி வந்திருக்கிறது. கதவு மூடிவிட்டதா?

இந்த வருஷக் கதவு பெரும்பாலும் மூடிவிட்டது. கிளியரிங்கில் மருத்துவம் அபூர்வம். டூட்டிங்கில் இருக்கும் செயின்ட் ஜார்ஜஸ் சில ஆண்டுகளில் வைத்திருக்கிறது, அங்கேயும் யூகாட் (மருத்துவ நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணும் நேர்காணலும் உண்டு.

அடுத்த வருஷம் திரும்ப முயல்வது என்றால் இரண்டு விஷயம். யூகாட் மதிப்பெண் ஒரு விண்ணப்பச் சுற்றுக்குத்தான் செல்லும், புதிதாக எழுத வேண்டும். தேர்வு ஜூலையில் தொடங்கி செப்டம்பரில் முடிவதால் ரிசல்ட் வந்து வருந்திக்கொண்டிருக்கவே நேரமில்லை. அப்புறம், ஏ லெவலைத் திரும்ப எழுதியவர்களை எடுப்பதில் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரிக்கும் ஒவ்வொரு விதி. சிலர் எடுப்பதே இல்லை, சிலர் முதல் முறை குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்பார்கள். கல்லூரி கல்லூரியாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள். வசதி குறைந்த பின்னணி உள்ளவர்களுக்கு கிங்ஸ் காலேஜ் லண்டன், சௌத்தாம்ப்டன் போன்ற இடங்களில் குறைந்த கிரேடில் சேரும் ஆறாண்டு மருத்துவப் படிப்பு உண்டு.

பயோமெடிக்கல் சயன்ஸில் சேர்ந்து பிறகு மருத்துவத்துக்கு மாறலாம் என்ற பேச்சு நம் சமூகத்தில் நிறைய. சில இடங்களில் வழி இருக்கிறது, ஆனால் அது வாய்க்கால் அளவு. பயோமெடிக்கல் தனியாகவே பிடித்தால் மட்டும் சேருங்கள்.

ஒரு வருஷம் நின்று திரும்ப எழுதலாமா, ஃபவுண்டேஷன் இயர் போகலாமா?

இங்கிலாந்தில் ஏ லெவல் பரீட்சை வருஷத்துக்கு ஒருமுறை, மே, ஜூனில்தான். பாடத்தின் எல்லாத் தாளையும் திரும்ப எழுத வேண்டும், ஒரு தாளை மட்டும் எழுத முடியாது. மூன்று பாடத்தையும் எழுதத் தேவையில்லை, குறைந்த பாடம் மட்டும் போதும். தனித் தேர்வராக எழுதுவதென்றால் இலையுதிர் காலத்திலேயே தேர்வு மையத்தைப் பிடியுங்கள். செய்முறை உள்ள பாடங்களுக்கு எல்லா மையமும் ஒத்துக்கொள்ளாது. எங்கே சறுக்கியது என்று தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்குத் திரும்ப எழுதுவது பலன் தரும். அதே மேசையில் அதே மாதிரிப் படிக்கப்போகிறவருக்குப் பலன் தராது.

ஃபவுண்டேஷன் இயர் டிகிரியோடு சேர்ந்து வரும் கூடுதல் வருஷம். வகுப்பறை சார்ந்த பாடங்களுக்கு 2025-26 முதல் கட்டண உச்சவரம்பு 5,760 பவுண்டு, மற்றவற்றுக்கு டிகிரிக் கட்டணம் வரை (2025-26-இல் 9,535 பவுண்டு) போகலாம். கடன் கிடைக்கும், அதோடு ஒரு வருஷ வாழ்க்கைச் செலவும் சேரும். ஏ லெவலில் தவறான பாடம் எடுத்த பிள்ளைக்கு இது நல்ல வழி. ஒரு கிரேட் குறைந்ததற்காக மட்டும் எடுத்தால் விலை அதிகம்.

2020-இல் ஆசிரியர் போட்ட கிரேடையே தந்தார்களே, இப்போது கேட்க முடியாதா?

முடியாது. கோவிட் காலத்தில் பரீட்சை ரத்தானதால் அது நடந்தது. கணினிச் சூத்திரம் இங்கிலாந்தில் சுமார் 39% கிரேட்களைக் குறைத்து, பெரிய எதிர்ப்பு எழுந்து, ரிசல்ட் வந்து நான்கே நாளில் ஆசிரியர் மதிப்பீட்டுக்கு மாற்றினார்கள். இப்போது பரீட்சைதான்.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பித்தோம். பிளஸ் டூ மார்க் ஆஃபரைவிடக் குறைந்துவிட்டது.

உங்களுக்கு ரிசல்ட் மே மாதமே வந்துவிடுவதால் ஒரு வசதி இருக்கிறது. ஆகஸ்ட் வரை காத்திருக்காமல் மார்க்ஷீட்டை உடனே அனுப்பி, குறைந்த மார்க்கில் எடுப்பார்களா என்று கேளுங்கள். நிபந்தனை நீங்கி, ஆஃபர் அன்கண்டிஷனல் ஆன பின்தான் காஸ் எண் தருவார்கள், அது இல்லாமல் ஸ்டூடண்ட் விசா போட முடியாது. ஐஇஎல்டிஎஸ் நிபந்தனையும் தனியாக நிற்கும்.

யூனிவர்சிட்டி மாறினால் ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ் என்ன ஆகும்?

புதிதாக விண்ணப்பிக்க வேண்டாம். இருக்கும் கணக்கில் யூனிவர்சிட்டியையும் கோர்ஸையும் மாற்றினால் போதும். எங்கே இடம் என்று தெரியாமல் விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். வசந்த காலத்திலேயே ஃபர்ம் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டு, ஆகஸ்டில் மாற்றுங்கள். வீட்டில் தங்குவதா வெளியே தங்குவதா என்பதைப் பொறுத்து பராமரிப்புக் கடன் தொகை மாறும், அதையும் சேர்த்தே திருத்துங்கள். செப்டம்பர் நடுவில் மாற்றுபவர்களுக்கு முதல் தவணை தாமதமாகலாம், அந்த ஒரு மாத வாடகைக்குப் பணத்தை ஒதுக்கி வையுங்கள்.